ரொம்மனில் ஜானைத் தேடி

என் தம்பி செல்வின் ஒஸ்லோவில் பனியில் வழுக்கி விழுந்து கணுக்காலை ஒடித்துக்கொண்டான். விழுந்த இடம் ஏதாவது மலையுச்சி என்றால் சொல்லிக்கொள்ளவாவது நன்றாக இருந்திருக்கும். குப்பைப் பையோடு வீட்டு வாசலில் விழுந்திருக்கிறான். கல்யாணம் வேண்டாம் என்று நாற்பத்தைந்து வயதுவரை தனியாக இருப்பவன். சமைத்துப்போட மூன்று வாரம் நான்தான் போக வேண்டியதாயிற்று. நாகர்கோவிலில் எங்கள் தெருக்காரர்கள் ‘நார்வேயா, கொடுத்துவைத்தவள்’ என்றார்கள். ஜனவரியில் அங்கே சூரியன் ஒன்பது மணிக்கு மேல் வந்து மூன்றரைக்குக் கிளம்பிவிடும் என்பது அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

செல்வின் இருப்பது ரொம்மன் என்ற பகுதியில், நாலு மாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடி. லிஃப்ட் கிடையாது. படிக்கட்டில் ஆள் வந்தால் விளக்கு தானாக எரியும். நான் போன அன்று எனக்கு முன்னால் மேல்மாடி விளக்கு எரிந்தது; அண்ணாந்து பார்த்தேன், யாரும் இல்லை. பிறகு அணைந்தது. செல்வினிடம் சொன்னேன். ‘பழகிரும்க்கா’ என்றான். இந்த ஊரில் எதைக் கேட்டாலும் அவனுக்கு இந்த ஒரே பதில்தான்.

மறுநாள் காலை ரொட்டிக்கு மேல் பழுப்பு நிறத்தில் ஒரு பாற்கட்டியைச் சீவி வைத்துக் கொடுத்தான். திரட்டுப்பாலைக் கிண்டும்போது யாரோ உப்பு டப்பாவைத் தவறவிட்ட மாதிரி இருந்தது. அதைச் சொன்னால் வருத்தப்படுவான் என்று வாயில் அடக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனேன். அங்கேதான் முதன்முதலாக அந்தக் குரலைக் கேட்டேன்.

குளியலறைச் சுவரின் உச்சியில் காற்றுப் போக ஒரு சின்னச் சல்லடை. எல்லா மாடிக்கும் ஒரே குழாய் போலிருக்கிறது. அதன் வழியே மேலிருந்து ஒரு பெண்பிள்ளையின் குரல். என்ன மொழியோ, ஒன்றும் புரியவில்லை. ஆனால் கடைசியில் வந்த பெயர் மட்டும் பளிச்சென்று விழுந்தது. தாவீது ஜான்.

எங்கள் ஊரில் ‘ஜான்’ என்று தெருவில் கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். தாவீது ஜான் என்றே ஒருவர் எங்கள் சர்ச்சில் காணிக்கைப் பை எடுக்கிறார். உலகத்தின் நுனியில் வந்து அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. மேல் வீட்டில் நம்ம ஆட்கள் யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் நான். எதிர்முனையில் ஆள் இருந்தும் பேசாமல் இருப்பது ஒரு மௌனம். ஆளே இல்லாமல் இருப்பது வேறொரு மௌனம். இரண்டையும் நான் தூக்கத்தில்கூட பிரித்துச் சொல்வேன். அந்தம்மா ஏதோ கேட்டார், பதிலுக்கு இடம் விட்டார், மறுபடி பேசினார். அந்த இடைவெளியில் ஆள் இல்லை.

கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டிலிருந்து இன்னொரு பெண்குரல். இதுவும் புரியாத மொழி, ஆனால் மேலே கேட்டது அல்ல. கடைசியில், மஸ்தான் ஜான். அதற்கும் பதில் இல்லை. மணி பார்த்தேன், பத்து. மறுநாளும் அதே பத்து மணிக்கு மேலே தாவீது ஜான், கீழே மஸ்தான் ஜான். அந்தப் படிக்கட்டில் நான் ஒரு ஆண்பிள்ளையையும் பார்க்கவில்லை. பனியில் எங்கள் வாசலுக்கு வரும் காலடிகள் எல்லாம் பெண்களுடையதாகவும் குழந்தைகளுடையதாகவும்தான் இருந்தன. ‘எலே, இங்கன ஜான்னு யாருலே இருக்கா?’ என்று செல்வினைக் கேட்டேன். அவனுக்குத் தெரிந்து யாரும் இல்லை என்றான்.

மூன்றாம் நாள் அந்த மேல்வீட்டு அம்மாள் படியில் எதிர்ப்பட்டார். அறுபது வயது இருக்கும். கறுப்புக் கோட்டு, கையில் ஒரு பை நிறையக் கீரைக்கட்டுகள். எனக்கு நாக்கு சும்மா இருக்காதே. மேலே விரலைக் காட்டி, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ‘ஜான்?’ என்று கேட்டேன்.

அந்தம்மா அப்படியே நின்றுவிட்டார். கீரைப் பையைப் படியில் வைத்துவிட்டு என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். நான் என்ன தப்பாகக் கேட்டேன் என்று விளங்குமுன் கையைப் பிடித்து மேலே கூட்டிப்போனார்.

மேசையில் இரண்டு தட்டுகள். ஒன்றுக்கு முன்னால் நாற்காலியை, இப்போதுதான் ஒருவர் எழுந்து போனது போலப் பின்னால் இழுத்து விட்டிருந்தது. தட்டில் கீரை அடைத்து மடித்த ரொட்டி. ஜன்னலோரம் ஒரு பையனின் படம், இருபது வயது, இடது புருவத்தை ஒரு வெட்டு இரண்டாக்கியிருந்தது. அந்தம்மா என்னை இன்னொரு நாற்காலியில் உட்காரவைத்து ரொட்டி கொடுத்தார். ‘ஜான் எங்கே?’ என்று சைகையில் கேட்டேன். அந்தக் காலி நாற்காலியைக் காட்டினார். பாதி ரொட்டியோடு எழுந்து வந்துவிட்டேன். பயம்தான், வேறென்ன. மீதிப் பாதியை விட்டு வந்ததுக்கு இன்றும் வருத்தம் உண்டு, அவ்வளவு ருசி.

எதிர்வீட்டில் துளசி என்று ஒரு பெண். அப்பா அம்மா யாழ்ப்பாணம், இவள் பிறந்ததே ஒஸ்லோவில், ஆஸ்பத்திரியில் நர்ஸ். செல்வினின் மருந்து, மாத்திரை, விடுப்புக் கடிதம் எல்லாம் இவள் பார்த்துக்கொடுத்ததுதான். சாயங்காலம் அவளைப் பிடித்து வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

“அன்ரி, ஜான் எண்டது பேரில்லை. அவை ரெண்டுபேற்றை பாசையிலையும் உயிர் எண்டு அர்த்தம். நாங்கள் ராசா, குஞ்சு எண்டு சொல்லுவமெல்லே, அப்பிடி. பேருக்குப் பின்னாலை போட்டுக் கூப்பிடுறது. நீங்கள் படியிலை நிண்டு அவவை உயிரே எண்டு கூப்பிட்டிருக்கிறியள்.”

மேல்வீட்டு அம்மாள் பெயர் அனாஹித். ஆர்மீனியர், ஊர் கரபாக் மலைநாட்டில் ஒரு நகரம். கீழ்வீட்டுப் பெண் செவ்தா. நாடு அசர்பைஜான். நாட்டின் பெயரிலேயே ஒரு ஜான் ஒட்டிக்கொண்டிருப்பதை நான் சொன்னபோதுதான் துளசி சிரித்தாள். மற்றதெல்லாம் சிரிக்கிற கதை இல்லை. சோவியத் என்ற பெரிய ராஜ்ஜியம் ஆட்டம் கண்டு உடைந்தபோது, அந்த மலைநாடு யாருக்கு என்று அண்டை நாடுகள் இரண்டும் அடித்துக்கொண்டன. முதல் சுற்றில் செவ்தாவின் ஆட்கள் ஊரைவிட்டு ஓடினார்கள், அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. முப்பது வருடம் கழித்துச் சண்டை திரும்பியது. முடிவில் ஒரே ஒரு நாள் போர். அந்த நாளில் அனாஹித்தின் மகன் தாவித் செத்தான். அவசரமாகப் புதைத்துவிட்டு ஒரு வாரத்துக்குள் ஊர் முழுக்கக் காலி செய்தது. பிறகு இங்கே நர்ஸாக இருக்கும் மகளிடம் வந்து சேர்ந்திருக்கிறார், அந்த மகள் பாதி நாள் ஆஸ்பத்திரியில்தான்.

இருவருக்கும் ஒரே ஊர். இவர் ஸ்தெபானகெர்த் என்கிறார், அவள் ஹான்கெந்தி என்கிறாள். இருவருக்கும் ரஷ்யமொழி தண்ணீர் மாதிரி வரும். ஆனாலும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டு இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லையாம்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ரஷ்யப் பத்திரிகைகள் மலிவாகக் கிடைக்கும். வழவழப்பான அந்தத் தாளில்தான் நோட்டுப் புத்தகத்துக்கெல்லாம் அட்டை போடுவோம். என் பூகோளப் புத்தக அட்டையில் விதவிதமான உடுப்புப் போட்ட பெண்கள் கைகோத்து ஆடிக்கொண்டிருந்தார்கள், எல்லோரும் ஒரே குடும்பம் என்று கீழே எழுதியிருந்தது. வருடக் கடைசிவரை அந்த அட்டை கிழியவே இல்லை.

ஐந்தாம் நாள் மீன் வாங்க நகரத்துக்குப் போனேன். தமிழ்க் கடையில் அயிலை கிடைத்தது, தேங்காய்ப்பாலும் கிடைத்தது. திரும்பும்போது ரயில் நிலையத்தில் ஒரு ஆளிடம் ‘ரொம்மன்’ என்று கேட்டேன். அவன் காதில் அது ‘திராமன்’ என்று விழுந்திருக்கிறது. அன்போடு கைப்பிடித்துப் பெரிய ரயிலில் ஏற்றிவிட்டான். முக்கால் மணி நேரம் கழித்துத் தெரியாத ஊரில், பெரிய ஆற்றங்கரையில் இறங்கி நின்றேன். மணி மூன்றரை. வானம் நீலமாகி, பிறகு மசியாகிக்கொண்டிருந்தது. செல்போனில் சார்ஜ் இல்லை. பையில் அயிலை மட்டும் விறைத்துக் கிடந்தது, நானும் ஏறக்குறைய அப்படித்தான்.

‘ரொம்மன்?’ என்று பின்னால் ஒரு குரல். அந்தக் குரலை எனக்குத் தெரியும். சல்லடை வழியாக நாலு நாள் கேட்ட குரல். முகத்தைத்தான் முதல்தடவை பார்க்கிறேன். திராமனில் ஒரு பள்ளிக்கூடத்தைத் துப்புரவு செய்வது அவள் வேலை, மத்தியானம் போய் இருட்டும்போது திரும்புவது. என்னைப் படிக்கட்டில் கண்டிருக்கிறாள். ரயிலில் பக்கத்தில் உட்காரவைத்து பிளாஸ்கிலிருந்து சாயா ஊற்றிக் கொடுத்தாள். நான் அவளை ‘செவ்தா ஜான்’ என்றேன், இந்தமுறை அர்த்தம் தெரிந்துதான். அவள் கண்ணை விரித்துச் சிரித்து, போனில் ஒரு பெரிய சாம்பல் பூனையின் படத்தைக் காட்டினாள். அதுதான் மஸ்தான் ஜான். பாதி பயம் அத்தோடு தீர்ந்தது.

அடுத்து ஒரு பழைய படம் காட்டினாள். வெளிப்புறமாகப் படி ஏறும் இரண்டடுக்கு வீடு, வாசலில் ஒரு சிறுமி. தன்னைத் தொட்டுக் காட்டினாள். பிறகு விரல்களை விமானமாக்கி, வியாழக்கிழமை என்றாள். இத்தனை வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக அவள் ஊருக்குப் போகிறாள்.

இதை நான் என்னோடு வைத்துக்கொண்டிருக்கலாம். மறுநாளே அயிலைக் குழம்பை எடுத்துக்கொண்டு துளசியோடு மேலே போய் அனாஹித்திடம் ஒப்பித்தேன். ஏன் சொன்னாய் என்று கேட்டால், வாய்தான். அந்தம்மா குழம்பில் ரொட்டியைத் தொட்டுத் தின்று முடித்தார். பிறகு மெதுவாக நார்வேஜியனில் சொல்லச் சொல்ல, துளசி தமிழாக்கினாள்.

“மகன்ரை இடம் அப்பிடியே இருக்கோ எண்டு ஒருக்கா பாத்தால் போதுமாம். ஊர் மயானத்திலை, மேல்பக்கம், மூண்டாவது வரிசை, வேலிக்கரை. இவவாலை இனி அங்கை போகேலாது. பாத்துச் சொல்லக்கூடிய ஆள் கீழை இருக்கிறவ மட்டும்தானாம். தானாப் போய்க் கேக்க ஏலாதாம்.”

ஆர்மீனிய அம்மாளின் துக்கம் யாழ்ப்பாணத் தமிழில் என் காதுக்கு வந்தது. அந்தக் குரல் இனி எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கும்.

கேட்டோம். அன்று சாயங்காலமே கீழ்வீட்டு வாசலில் நின்று துளசி சொன்னாள். செவ்தா முழுவதும் கேட்டாள். அவள் முகத்தில் ரயிலில் பார்த்த பெண்ணைக் காணோம்.

“அவ கேக்கிறா அன்ரி. என்ரை அப்பப்பாவும் அந்த ஊர் மண்ணுக்கைதான் கிடக்கிறார். முப்பது வருசமா அவரை ஆர் போய்ப் பாத்தது? மேலை இருக்கிறவவோ?”

கதவைச் சாத்தினாள், சத்தம் வராமல். அறைந்து சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கேட்டதில் என்ன தப்பு? எனக்கு வெட்கமாக இருந்தது.

மேலே அனாஹித் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். துளசி வேலைக்கு நேரமாகி ஓடிவிட்டாள். நான் மட்டும் படியேறினேன். அந்தக் கண்களைப் பார்த்ததும் என் வாயிலிருந்து வந்தது ஒரே சொல். ‘யெஸ்.’ அவர் என் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். இதைக் கேட்ட துளசி இரண்டு நாள் என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. ‘பொய்யை நான் மொழிபெயர்க்க மாட்டன்’ என்று மட்டும் சொன்னாள்.

வியாழன் காலை செவ்தா பெட்டியோடு இறங்கும்போது போய் நின்றேன். மேலே காட்டி, என் வாயைக் காட்டி, ‘ஐ டோல்ட் யெஸ்’ என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். பெட்டியை இழுத்துக்கொண்டு பனியில் போனாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நான் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். கீழிருந்து குரல் வந்தது. மஸ்தான் ஜான்.

கையில் சோப்போடு நின்றேன். ஆள் ஊரில் இல்லை, குரல் இருக்கிறது. சனிக்கிழமையும் வந்தது. ஞாயிறன்று வேண்டுமென்றே ஸ்டூல் போட்டு ஏறிச் சல்லடையில் காதை வைத்தேன். பெயருக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு, பெயரில் ஒரு இழுப்பு, முடிவில் நாக்கைத் தட்டும் ஒலி. மூன்று நாளும் மயிரிழை மாறவில்லை. உயிருள்ள யாரும் ஒரு பெயரை இரண்டுமுறை ஒரேமாதிரி சொல்ல முடியாது, அது என் முப்பது வருட அனுபவம். துளசியிடம் ஓடினேன். அவளிடம்தான் கீழ்வீட்டுச் சாவி இருந்தது. பூனைக்குத் தீனி போடும் ஒரு பெட்டியாம், நேரத்துக்குத் திறந்து, பதிவு செய்த குரலில் கூப்பிடுமாம். சாயங்காலத் தீனி நேரத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். அரையிருட்டில் பெட்டி கூப்பிட்டது, பூனை வந்து தின்றது. காரணம் தெரிந்த பிறகும் அந்த வீட்டில் என்னால் நிற்க முடியவில்லை.

மேல்வீட்டில் மட்டும் குரல் நின்றுவிட்டது. அனாஹித் தாவித்தைக் கூப்பிடுவதில்லை. செய்தி வரட்டும் என்று காத்திருக்கிறார். படியில் பார்க்கும்போதெல்லாம் ‘யெஸ்?’ என்று கேட்பார். நானும் ‘யெஸ்’ என்பேன். சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்தால் சோறு இறங்காது. நான் ஊருக்குக் கிளம்பும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, என் பொய்யை இங்கே யார் தலையில் கட்டிவிட்டுப் போவது என்று தெரியவில்லை.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, காலையில் அழைப்புமணி. செவ்தா. கோட்டுகூடக் கழற்றவில்லை, பெட்டி கீழே நின்றது. முகம் வற்றியிருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்து மேலே தலையை ஆட்டினாள். தனியாகப் போக முடியவில்லை போல.

அனாஹித் கதவைத் திறந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து நின்றார்கள். பிறகு செவ்தா ரஷ்யமொழியில் பேசத் தொடங்கினாள், அவர் அவளை உள்ளே விட்டார். செவ்தா முதலில் ஜன்னலோரம் இருந்த படத்தைப் பார்த்தாள். கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள். பிறகு மேசையில் உட்கார்ந்து சொன்னாள்.

எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் அவள் கை பேசியது. இடுப்புக்கு மேல் உயரமாக ஒரு கல். அதன் அகலம். அதில் செதுக்கிய முகம். விரலால் தன் இடது புருவத்தை வெட்டிக் காட்டினாள். கல்லின்மேல் பனி, அதைக் கையுறையால் துடைத்தது, கீழே எழுத்து. செல்போனை எடுத்துக் காட்டி, படம் எடுக்க விடவில்லை என்பதுபோலக் கையை ஆட்டினாள். அனாஹித் தலையசைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். இடையிடையே கேள்வி கேட்டார், இவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கல் பற்றி ஏதோ கேட்டபோது செவ்தா தன் கறுப்புக் கோட்டைத் தொட்டுக் காட்டினாள். கறுப்புக் கல் என்று எனக்கே விளங்கியது. அவள் குரலில் பேச்சு தொடங்குமுன் ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னத் தயக்கம். அழுகையை அடக்குகிறாள் என்று நினைத்தேன்.

எழுந்து போகும்போது அனாஹித் அவளை வாசலில் நிறுத்தி, கீரை ரொட்டி நாலைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். நான் வீட்டுக்கு வந்து செல்வினைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். என் பொய் மெய்யாகிவிட்டது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்றேன். அவன் ‘கால், கால்’ என்று கத்தினான்.

மறுநாள் விடைபெற துளசியோடு மேலே போனேன். அனாஹித்தின் முகம் தெளிவாக இருந்தது. கல் பத்திரமாக இருப்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லச் சொன்னேன். துளசி சொன்னாள். அந்தம்மா சாயாவை என் பக்கம் தள்ளிவிட்டு, மெல்லிய குரலில் கொஞ்ச நேரம் பேசினார். துளசி தமிழாக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘என்ன மக்களே?’ என்றேன்.

“அங்கை கல்லே இல்லையாம் அன்ரி. வைக்க நேரம் கிடைக்கேல்லையாம். ஒரு மரக்கட்டையை நட்டு, அதிலை நம்பர் எழுதிப்போட்டு வந்தவையாம். கல்லுக்குச் சொல்லி வைச்சதோடை சரி, ஊர் கைவிட்டுப் போட்டுது.”

சாயாவைக் கீழே வைத்தேன். அப்படியானால் செவ்தா போனாளா, போகவில்லையா, போய் என்ன பார்த்தாள்? பொய் என்று தெரிந்துகொண்டா இவ்வளவு கேள்வி கேட்டார்? கல்லின் நிறம்கூடக் கேட்டாரே. இதையெல்லாம் கேட்கச் சொன்னேன். அந்தம்மா ஒரே பதில் சொன்னார். துளசி அதை மனசுக்குள் ஒருதடவை சொல்லிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“என்ரை பிள்ளைக்கு நான் வைக்கேலாத கல்லை அவ வைச்சிட்டா. மரக்கட்டையெண்டு சொல்லி நான் ஏன் அதைப் பிடுங்கவேணும்? நீங்களும் அவவிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ.”

பிறகு துளசி, தான் புரிந்துகொண்டது சரிதானா என்று அந்தம்மாவிடம் நார்வேஜியனில் இன்னொருதடவை கேட்டாள். சரிதானாம்.